நத்தார் வெளிச்சத்துக்கு முன்னால் ஒரு நாய்: காசும் நேரமும் போகமுன் தெரிந்திருக்க வேண்டியவை

வடஇலங்கையின் வன்னியில் நத்தார் மாதம், அதாவது கிறிஸ்மஸ் வருகிற டிசம்பர், என்றால் மழை மாதம். வேலியிலும் மாமரத்திலும் மின்மாலை தொங்குவதும் அந்த மாதத்தில்தான், வெளிநாட்டுச் சொந்தக்காரர் தங்கள் நாயையும் பூனையையும் நத்தார் மரத்துக்கு முன்னால் இருத்தி எடுத்த படங்களை அனுப்புவதும் அந்த மாதத்தில்தான். முன்னுக்கு நாயின் முகம் மயிர் மயிராகத் தெளிந்து நிற்கும். பின்னுக்குப் பல்புகள் வட்டம் வட்டமாகக் கரைந்து சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக மிதக்கும். அப்படி ஒரு படத்தை எங்கட வளவு நாயை வைத்தும் எடுக்கலாம். மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ ஒரு மண்முற்றம் போதும். ஆனால் எப்படி என்று கேட்க இங்கே ஆள் கிடைப்பது கஷ்டம். ஸ்ரூடியோக்காரருக்குக் கல்யாணமும் சாமத்திய வீடும் அத்துப்படி, நாய்ப் படம் என்றால் சிரித்து அனுப்பிவிடுவார்கள். வீடியோக்களில் சொல்லித் தருபவர்களோ காய்ந்த குளிர்நாட்டில், கம்பளம் விரித்த அறைக்குள் இருந்து கதைக்கிறார்கள். சேறு, ஈசல், கரண்ட் போவது, லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிப்பது, இரவு முழுக்க வெடி என்று எங்களுக்கு இருக்கிற ஒன்றும் அவர்களுக்கு இல்லை. தனியே தடவித் தடவிப் படிக்கும்போது காசு கரையும், இரண்டு மூன்று டிசம்பர் ஒன்றுமில்லாமல் போய்விடும், மனமும் வெறுத்துப் போகும். அது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றுதான் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதுகிறேன்.

எல்லோரும் தொடங்குவது போனில். போனில் எடுத்தால் நாயும் தெளிவாக இருக்கும், பின்னால் பல்புகளும் சின்னச் சின்னப் புள்ளியாகத் தெளிவாகவே இருக்கும். உடனே போன் சரியில்லை, விலை கூடியது வாங்க வேண்டும் என்று மனம் ஓடும். வாங்க வேண்டாம். பல்ப் எவ்வளவு பெரிய வட்டமாகக் கரையும் என்பதைத் தீர்மானிப்பது லென்ஸில் வெளிச்சம் நுழைகிற வாசலின் அகலம். போனின் பிரதான கமராவில் அந்த வாசல் 3 அல்லது 4 மி.மீ.தான். எத்தனை மெகாபிக்சல் என்றாலும் அது மாறாது. போர்ட்ரெய்ட் முறையில் போட்டால் மென்பொருள் பின்னணியைப் பூசி அழிக்கும். நாயின் மீசை மயிரும் காதோர மயிரும் அதோடு சேர்ந்து அழிந்துபோகும், பல்ப் இருந்த இடத்தில் ஒளிவட்டத்துக்குப் பதிலாகச் சாம்பல் நிறத் தேமல் கிடைக்கும். பல்பின் உண்மையான பிரகாசம் படத்தில் ஏற்கெனவே வெட்டுப்பட்டுப் போனதால், பிறகு கரைத்தாலும் அது ஒளிராது. போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஒரு வழி உண்டு. பெரிய நாயை விட்டுவிட்டுப் பூனைக்குட்டி, கோழிக்குஞ்சு, பிறந்து கொஞ்ச நாளான ஆட்டுக்குட்டி என்று சின்ன உயிரை எடுங்கள். போனை 15, 20 செ.மீ. வரைக்கும் கிட்டக் கொண்டுபோய்க் கண்ணில் தொட்டுப் போகஸ் பண்ணி, சாதாரண முறையிலேயே எடுங்கள். பின்னால் உள்ள பல்புகள் சிறிய வட்டமாக, உண்மையாகவே கரையும். ஆட்டுக்குட்டியின் நெற்றி மயிரும் அந்தச் சின்ன வட்டங்களும் ஒன்றாக நிற்கும் படம், போர்ட்ரெய்ட் பூச்சைவிட நூறு மடங்கு வடிவு.

கமராவுக்கு வந்தால் வாசல் அகலத்தைக் கணக்கிடுவது சுகம்: லென்ஸின் குவியத் தூரமான மி.மீ. எண்ணை, வாசல் எவ்வளவு திறந்திருக்கிறது என்று காட்டுகிற எஃப் எண்ணால் வகுக்க வேண்டும். கமராவோடு வருகிற 18–55 லென்ஸை 55இல் வைத்தால் எஃப் 5.6. வாசல் 10 மி.மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் என்றால் கிட்டத்தட்ட 28 மி.மீ. மூன்று மடங்கு. விலை கூடிய கமரா உடம்பு வாங்குவதைவிட, பழைய உடம்பிலேயே இந்த ஒரு லென்ஸைப் போடுவது எவ்வளவோ மேல் என்று நான் அடித்துச் சொல்வேன். அடுத்தது தூரம். நாய் கமராவிலிருந்து ஒன்றரை மீட்டரில் இருக்கிறது, மின்மாலை நாய்க்குப் பின்னால் அரை மீட்டரில் தொங்குகிறது என்றால், 28 மி.மீ. வாசல் இருந்தும் வட்டம் நாயின் முகத்தோடு வைத்துப் பார்த்தால் 7 மி.மீ. அளவுக்குத்தான் தெரியும். அதே மாலையை 3 மீட்டர் பின்னுக்குத் தள்ளினால் 18 மி.மீட்டருக்கு மேலே போகும், நாயின் கண்ணளவுக்கு வந்துவிடும். 6 மீட்டர் தள்ளினால் 22. அதற்கு மேல் எவ்வளவு தள்ளினாலும் 28ஐத் தாண்டாது. ஆகவே நாய்க்குப் பின்னால் 3 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்காரர் ஒரு அறைக்குள் கஷ்டப்பட்டுத் தேடுகிற இந்தத் தூரம் எங்கட வளவில் தாராளமாகக் கிடக்கிறது. இந்த ஒரு விசயத்தில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். மரத்தோடு சேர்த்து, வேலியோடு சேர்த்து நாயை இருத்தினால் எந்த லென்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. வட்டம் இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் நாய்க்குக் கிட்டப் போங்கள். முகம் படத்தை நிறைக்கும், வட்டங்களும் அதோடு சேர்ந்து பெருக்கும்.

இனி லென்ஸ் வாங்குகிற கதை. காசு கரைகிற முதல் இடம் இதுதான். புதிதாக வாங்க வசதியில்லாத ஆக்கள் பாவித்ததைத் தேடுவோம், பாவித்ததில் பூஞ்சணம் இருக்கும், விற்கிறவர் சொல்லமாட்டார். நல்ல லென்ஸ் என்று சொல்லி என் தலையில் கட்டியதை ஒரு மழைக்காலம் முடிந்து பார்த்தபோது உள்ளே சிலந்திவலை போல நூல் ஓடியிருந்தது. துப்புரவாக்கக் கேட்ட கூலிக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் வேறு லென்ஸ் வந்திருக்கும். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது, ஏனென்றால் வாங்குகிற இடத்திலேயே ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. லென்ஸைக் கமராவில் போட்டு எஃப் 1.8இல் வையுங்கள். நாலைந்து மீட்டர் தள்ளி ஒரு போன் ரோர்ச்சை எரியவிட்டு, போகஸைக் கையால் ஆகக் கிட்டத்துக்குத் திருப்புங்கள். ரோர்ச் பெரிய வட்டமாகும். ஒரு படம் எடுத்து அந்த வட்டத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். லென்ஸுக்குள் இருக்கிற தூசு கறுப்புப் புள்ளியாக, பூஞ்சணம் வேர் ஓடினது மாதிரி நூல்நூலாக, கண்ணாடியில் உள்ள கீறல் கோடாக, எல்லாம் அந்த வட்டத்துக்குள் தெரியும். சாதாரண படத்தில் இந்தக் குறை ஒன்றும் தெரியாது. நாங்கள் எடுக்கப்போவதோ முழுக்க வட்டங்கள் உள்ள படம். ஒவ்வொரு வட்டத்திலும் அதே பூஞ்சணம் அச்சுக் குத்தின மாதிரி விழும். வாங்க முன் இன்னும் இரண்டு. கனனின் பழைய 50 மி.மீ. எஃப் 1.8 இரண்டாம் பதிப்பில் வாசலைச் சுருக்குகிற தகடு ஐந்து. எஃப் 2.8க்குச் சுருக்கினால் வட்டம் ஐங்கோணமாகிவிடும். பிறகு வந்த எஸ்.ரி.எம். பதிப்பில் வளைந்த ஏழு தகடு, 35 செ.மீ. வரை கிட்டவும் போகஸ் ஆகும். நிக்கோனில் டி3000, டி5000 வரிசைக் கமராக்களுக்குள் போகஸ் மோட்டர் இல்லை. பழைய 50 மி.மீ. டி வகை லென்ஸைப் போட்டால் தானாகப் போகஸ் ஆகாது, ஏ.எஃப்.-எஸ். வகைதான் வாங்க வேண்டும். ஓடித்திரிகிற நாய்க்குக் கையால் போகஸ் பண்ணுவது நடக்கிற காரியம் இல்லை.

லென்ஸ் சரி என்றால் அடுத்த தலையிடி மின்மாலை. சுவரில் குத்துகிற மலிவான எல்.ஈ.டி. மாலைகள் கண்ணுக்கு நின்று எரிகிற மாதிரித் தெரிந்தாலும், உண்மையில் கரண்டின் ஓட்டத்தோடு சேர்ந்து செக்கனுக்கு 50 அல்லது 100 முறை அணைந்து எரிகின்றன. நாய் அசைகிறது என்று 1/200 செக்கனில் எடுத்தால் ஒரு படத்தில் பல்ப் பளிச்சென்று இருக்கும், அடுத்ததில் மங்கலாக இருக்கும், இன்னொன்றில் இருக்கவே இருக்காது. சில மாலைகளில் பாதி பல்ப் ஒரு படத்திலும் மற்றப் பாதி அடுத்த படத்திலும் வரும். நாய் ஆக வடிவாகப் பார்த்த அந்த ஒரு படத்தில் பின்னணி செத்துக் கிடக்கும்போது வருகிற கவலை சொல்லி மாளாது. கடையில் வாங்கும்போது மாலையை எரியவிட்டுக் கையில் பிடித்துப் பக்கவாட்டில் வேகமாக ஆட்டிப் பாருங்கள். வெளிச்சம் துண்டு துண்டாகப் புள்ளி வைத்தால் அது அணைந்து எரிகிற சாதி, வேண்டாம். இடைவெளி இல்லாத கோடாக ஓடினால் நல்லது. யூ.எஸ்.பி. முனையுள்ள மாலைகள் பெரும்பாலும் நின்று எரியும். பவர் பாங்கில் குத்தலாம், 230 வோல்ட் வயரை ஈர மண்ணில் இழுக்கத் தேவையில்லை, கரண்ட் போனாலும் வேலை நிற்காது. சில பவர் பாங்க், மாலை இழுக்கிற கரண்ட் மிகக் குறைவாக இருந்தால் தானாக அணைந்துவிடும். அப்படியென்றால் இரண்டு மாலையை ஒன்றாகக் குத்துங்கள். மாலையில் ஆட்டம் மாற்றுகிற பொத்தான் இருந்தால், எட்டு முறையில் வழக்கமாகக் கடைசியாக வருவது நின்று எரிகிற முறை, அதில் விடுங்கள். நிறத்தைப் பற்றி என் அபிப்பிராயம்: இளமஞ்சள் மாலையை அடிப்படையாக வைத்து, பலநிற மாலை ஒன்றை இடையில் கலந்தால் போதும். தனி நீலம் முகத்தைச் செத்ததாகக் காட்டும். ஈசல் காலத்தில் வெள்ளை, நீல வெளிச்சத்துக்குப் பூச்சி கூடுதலாக வரும், மஞ்சளுக்குக் குறைவு. நாய் ஈசலைக் கவ்வத் தொடங்கினால் அன்றைய படம் முடிந்தது.

மாலையை எங்கே தொங்கவிடுவது என்பதில் அநேகமாக எல்லோரும் ஆள் உயரத்துக்கு மேலே, மரக்கொப்பில் கட்டுவார்கள். நாயின் கண் இருப்பதோ நிலத்திலிருந்து அரை மீட்டரில். கமராவும் அதே உயரத்துக்கு இறங்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் நாயின் தலைக்குப் பின்னால் தெரிவது வேலியின் கீழ்ப்பாதிதான். சின்ன சென்சர் உள்ள சாதாரண கமராவில் 50 மி.மீ. லென்ஸ், ஒன்றரை மீட்டர் தூரத்தில் 70 செ.மீ. அகலத்தைப் பிடிக்கும். அதற்கு 3 மீட்டர் பின்னால் அது 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே விரியும், உயரம் ஒன்றரை மீட்டர் அளவு. இந்த அளவை மட்டும் நிரப்பினால் போதும், வளவு முழுக்கக் கட்டிக் காசைக் கொட்டத் தேவையில்லை. உடுப்புக் காயப்போடுகிற கொடியிலோ வேலிக் கதியாலிலோ 10 மீட்டர், 100 பல்ப் மாலையை நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொடங்கி மேலும் கீழுமாக வளைத்துக் கட்டுங்கள். நேர்கோடாகக் கட்டினால் பாசிமணி கோர்த்தது போல வரிசை தெரியும். இரண்டு சுற்றுக்கிடையில் ஒரு இடத்தில் ஒரு சாண், இன்னொரு இடத்தில் இரண்டு சாண் என்று விட்டால் சில வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சில தனித்து நின்று, இயல்பாக இருக்கும். நாயின் தலைக்கு நேர் பின்னால் கொஞ்சம் வெறுமையாக விட்டு இரண்டு பக்கமும் நிறைத்தால் முகம் எடுப்பாக நிற்கும். கிடுகு வேலி பின்னணிக்கு நல்லது, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது. தகர வேலி அடிக்கும், அதற்கு முன்னால் ஒரு கறுத்தப் படங்கைத் தொங்கவிடுங்கள்.

முகத்துக்கு வெளிச்சம் எங்கேயிருந்து? கமராவின் பிளாஷ் வேண்டாம். நாயின் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற ஒரு படலம் இருக்கிறது, நேராக அடிக்கிற பிளாஷ் அதில் பட்டுக் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரியும். பூனைக்கு இன்னும் மோசம். ஆகச் சிறந்த வெளிச்சம் மம்மல் பொழுது. டிசம்பர் கடைசியில் எங்கட பக்கம் சூரியன் கிட்டத்தட்ட 6 மணிக்கு மறைகிறது. 6 மணியிலிருந்து 6.20 வரை வானத்தின் நீல வெளிச்சம் முகத்திலும் இருக்கும், பல்பும் எடுபடும். அந்த நேரத்தின் நடுப்பகுதியில் எஃப் 1.8, 1/160 செக்கன், ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்குக் கமரா காட்டுகிற உணர்திறன்) 1600 என்ற கணக்கில் படம் வரும். மப்பு என்றால் ஐ.எஸ்.ஓ. 3200. இதே வெளிச்சத்தில் எஃப் 5.6 லென்ஸ் என்றால் 1/15 செக்கனுக்கு இறங்க வேண்டும், நாய் மூச்சு விட்டாலே படம் ஆடிப்போகும். அந்த இருபது நிமிடம் தவறினால் 9 வாட் எல்.ஈ.டி. பல்ப் ஒன்றை வெள்ளை வேட்டிக்குப் பின்னால் வைத்து, நாயின் முகத்துக்கு முன்பக்கச் சரிவில், கண்ணுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு மீட்டர் தூரத்தில் பிடிக்கலாம். மற்றப் பக்கத்தில் ஒரு வெள்ளை ரெஜிபோம் பலகைத் துண்டை நிறுத்தினால் நிழல் இளகும். நாயின் கண்ணுக்குள் வேட்டியின் வெள்ளைச் சதுரம் சின்னதாக மின்னும். அந்த மினுக்கம் இல்லாத கண் உயிரில்லாத கண். கபில நிற நாய்க்கு மஞ்சள் பல்ப், கறுத்த நாய்க்கு 6500 கெல்வின் வெள்ளைப் பல்ப் என்பது என் தெரிவு, கறுப்பு மயிரின் பளபளப்பு அதில்தான் எடுபடும். கறுத்த நாய் இருட்டோடு இருட்டாகப் போய்விடும் என்பதால், படத்துக்குள் வராதபடி பின்பக்கச் சரிவில் ஒரு சின்ன ரோர்ச்சை வையுங்கள். காதோரமும் முதுகும் ஒரு கோடு போலத் தெளியும்.

வேலையின் ஒழுங்கு முக்கியம். முதலில் மாலை, பிறகு முகத்து வெளிச்சம், கடைசியாகத்தான் நாய். நாயைக் கூப்பிட்டு இருத்திவைத்துக்கொண்டு செற்றிங் திருகினால் அது இரண்டு நிமிடத்தில் அலுத்துப்போய் எழும்பிவிடும், பிறகு அந்த இடத்துக்கே வராது. நாய்க்குப் பதிலாக ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் உரித்த தேங்காயைத் தும்பு குடுமியோடு வையுங்கள். உயரம், நிறம், மயிர் எல்லாம் ஊர்நாயின் தலைக்குச் சரியாக வரும், தும்பு தெளிகிறதா என்று பார்த்தாலே போகஸ் விளங்கிவிடும். கமராவை முழுக்கக் கைமுறையில் போட்டு, பல்ப் வட்டங்களின் நிறம் வெளிறாமல் வருகிற அளவுக்கு ஐ.எஸ்.ஓ.வையும் ஷட்டரையும் நிறுத்துங்கள். வட்டங்கள் எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தால் வெளிச்சம் கூடிவிட்டது. அதற்குப் பிறகு கமராவைத் தொடக் கூடாது. முகம் இருட்டு என்றால் பல்பைக் கிட்டக் கொண்டுவாருங்கள், கூடினால் தள்ளுங்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்காகும், ஆகவே ஒரு சாண் மாற்றமே பெரிய மாற்றம். பின்னணிக்குக் கமரா, முகத்துக்குப் பல்ப் என்று இரண்டையும் பிரித்து வைத்தால் குழப்பம் வராது.

நாய் வந்து இருந்த பிறகு கவனிக்க இருப்பது போகஸ் ஒன்றுதான். எஃப் 1.8இல் ஒரு மீட்டருக்குக் கிட்டப் போனால் தெளிவாக இருக்கிற ஆழம் 3 செ.மீ. கூட இல்லை, ஒன்றரை மீட்டரில் 6 செ.மீ. நாயின் மூக்குக்கும் கண்ணுக்கும் இடையில் அதைவிடக் கூட இருக்கும். கமராவை அதன் விருப்பத்துக்கு விட்டால் ஆகக் கிட்ட இருக்கிற மூக்கைப் பிடிக்கும், கண் கரைந்துவிடும். கண் தெளிந்து மூக்குக் கரைந்தால் படம் நிற்கும், மறுவளமாக நடந்தால் அழித்துவிடலாம். ஆகவே ஒற்றைப் புள்ளிப் போகஸை எடுத்து, கமராவுக்குக் கிட்ட உள்ள கண்ணில் வையுங்கள். நடுப்புள்ளியில் பிடித்துவிட்டுக் கமராவைத் திருப்புகிற பழக்கம் இவ்வளவு குறைந்த ஆழத்தில் கைகொடுக்காது, புள்ளியையே கண்ணிருக்கிற இடத்துக்கு நகர்த்துங்கள். புதிய மிரர்லெஸ் கமராக்களில் மிருகங்களின் கண்ணைத் தானாகப் பிடிக்கிற வசதி இருந்தால் இந்தச் சிரமம் இல்லை, கறுத்த முகத்தில் மட்டும் சிலவேளை அது தடுமாறும். மூக்கும் கண்ணும் இரண்டுமே தெளிய வேண்டுமென்றால் ஒன்றரை மீட்டரில் எஃப் 2.8 வையுங்கள். வட்டம் சிறுக்கும், ஓரங்களில் அதன் உருவம் மட்டும் கொஞ்சம் ஒழுங்காகும். முழுத் திறப்பில் படத்தின் மூலைகளில் வட்டம் மாம்பிஞ்சு மாதிரிச் சப்பையாவது லென்ஸின் சுபாவம், அதைப் பழுது என்று திருத்தக் கொண்டுபோக வேண்டாம்.

நாயைப் பழக்குவது படம் எடுக்கிற அன்று தொடங்குகிற வேலை இல்லை. சில நாளுக்கு முன்பே மாலையைக் கட்டி எரியவிட்டு, அந்த முற்றத்திலேயே சாப்பாடு போடுங்கள். வெளிச்சம் புதினமாக இருக்கும் வரைக்கும் நாய் அதைத்தான் திரும்பிப் பார்க்கும், உங்களைப் பார்க்காது. இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காய்ந்த சாக்கைப் போடுங்கள். ஈர நிலத்தில் நாய் ஆறுதலாக இருக்காது, சாக்கில் இருந்தால் ஏதோ கிடைக்கும் என்று கெதியில் பழகிவிடும். உப்பும் தூளும் போடாமல் அவித்த கோழியிறைச்சியையோ ஈரலையோ கடலை அளவுக்குச் சின்னதாக வெட்டி வையுங்கள். கருவாடு வேண்டாம், அதில் உப்புக் கூட. இராச்சாப்பாட்டுக்கு முன்பு, கொஞ்சம் ஓடி விளையாடிக் களைத்த நேரம் நல்லது. கூட ஒருவர் கட்டாயம் வேண்டும். வீட்டில் நாய்க்கு ஆகப் பிடித்த ஆள் யாரோ, அவர் உங்கள் தோளுக்குப் பின்னால் இறைச்சியை லென்ஸுக்கு மேலே பிடிக்கட்டும். புதுச் சத்தம் ஒன்று, உதாரணமாகப் பொலித்தீன் கசங்கல், காதை நிமிர்த்த வைக்கும். ஆனால் இரண்டு மூன்று முறைக்கு மேல் அது எடுபடாது, ஆகவே எல்லாம் ஒழுங்கான பிறகே பாவியுங்கள். நீங்கள் உரப்பையை விரித்துக் குப்புறப் படுத்து, முழங்கையை நிலத்தில் ஊன்றித் தொடர்ந்து அடிக்கிற முறையில் எடுங்கள். பத்து நிமிடம் போதும். காதைப் பின்னுக்கு மடித்து, நாக்கால் உதட்டை நக்கி, தேவையில்லாமல் கொட்டாவி விட்டு, கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தால் அது பயந்துவிட்டது. அந்தக் கணமே நிறுத்துங்கள். கட்டி இருத்தி எடுத்த நாயின் பயம் கண்ணிலேயே தெரியும், அந்தப் படத்தைத் திரும்பப் பார்க்க மனம் வராது. பூனையைக் கூப்பிட்டு இருத்த முடியாது. அது வழமையாகப் படுக்கிற இடத்துக்குப் பின்னால் மாலையைக் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஆபத்துகளை நான் மெல்லச் சொல்லப் போவதில்லை. நாயின் கழுத்திலோ உடம்பிலோ மின்மாலையைச் சுற்றவே கூடாது, படத்துக்கு எவ்வளவு வடிவென்றாலும் கூடாது. குட்டிநாய் வயரைச் சப்பும், 230 வோல்ட் ஒரு கடியில் உயிரை எடுக்கும். மெல்லிய செப்புக் கம்பி மாலைகளில் சட்டைப் பொத்தான் மாதிரியான தட்டைப் பற்றறி இருக்கும், விழுங்கினால் உணவுக் குழாயை எரித்துத் துளைக்கும். மினுமினுப்புத் தாள் இழைகளைப் பூனை நூலென்று விழுங்கினால் குடல் சுருங்கிச் சிக்கும், பெரும்பாலும் வெட்டித்தான் எடுக்க வேண்டும். பக்கத்தில் மிருக வைத்தியர் இல்லாத கிராமங்களில் இதெல்லாம் உயிர் விசயம். நத்தார் கேக்கில் உள்ள முந்திரிகை வற்றல், அதாவது காய்ந்த திராட்சை, நாயின் சிறுநீரகத்துக்கு நஞ்சு, ஆசைக்கும் கொடுக்காதீர்கள். கார்த்திகை விளக்கீட்டுக்குக் கிளியாஞ்சட்டி விளக்குகளைப் பின்னணியாக வைத்து எடுத்தால் வட்டங்கள் செம்மஞ்சளாக அசைந்து மிக அழகாக வரும். ஆனால் விளக்கு நாயிலிருந்து 3 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், ஆட்டுகிற வாலுக்கு நெருப்புத் தெரியாது. நத்தார் இரவும் வருசப்பிறப்பு இரவும் படம் எடுக்கிற இரவுகள் இல்லை. வெடிச் சத்தத்துக்கு வேலி பாய்ந்து ஓடுகிற நாய் வாகனத்தில் அடிபடும், இல்லையென்றால் வழிதெரியாமல் போகும். அந்த இரவுகளில் அதை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, கூட ஆள் இருங்கள். மாலை தைப்பொங்கல் வரைக்கும் தொங்கட்டும், இடையில் மழை விட்ட ஒரு பின்னேரம் கட்டாயம் கிடைக்கும்.

அந்த மழைதான் லென்ஸுக்கு எமன். முற்றத்தில் எடுத்து முடித்துக் கமராவை அப்படியே பைக்குள் போட்டு அலுமாரியில் வைத்தால், பையின் ஈரமும் இருட்டும் பூஞ்சணத்துக்குப் போதும். பூஞ்சணம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால் துப்புரவாக்கியும் பயன் இல்லை. துணியால் துடைத்து, காற்றாடிக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்து, இறப்பர் வளையம் உள்ள இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்கள். அரிசி போட்டு வைக்கச் சொல்வார்கள், அரிசித் தூசு லென்ஸுக்குள் போவதுதான் மிச்சம். நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல் வாங்கினால் ஈரம் பிடித்தது கண்ணுக்குத் தெரியும். செம்மஞ்சள் வகையைத் தணல் அடுப்பில், சமையலுக்கு எடுக்காத பழைய தாச்சியில் இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்பப் பாவிக்கலாம். நீல வகையில் கோபால்ட் நஞ்சு இருப்பதால் வீட்டில் வறுக்க வேண்டாம். ஏ.சி. போட்ட வாகனத்தில் கொண்டுவந்த கமராவைப் பையைத் திறக்காமல் இருபது நிமிடம் வெளியில் வைத்த பிறகு எடுங்கள், உடனே திறந்தால் லென்ஸ் முழுக்க ஈரம் பூத்து மங்கிவிடும்.

கடைசியாகப் படத்தை அச்சடிப்பது. கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற ரோ கோப்பாக எடுத்திருந்தால், மஞ்சள் பல்பில் எடுத்த படத்துக்கு வெளிச்சத்தின் நிறத்தை 3200 கெல்வினுக்கும் 3800க்கும் இடையில் வைத்துப் பாருங்கள், மயிரின் நிறம் சரியாகும் இடம் அதற்குள் கிடைக்கும். நிழலை நிறையத் தூக்காதீர்கள், தூக்கினால் கறுப்பு மயிரில் நிறப்புள்ளி பொரியும். போன் திரையில் பளிச்சென்று தெரிகிற படம் தாளில் இருண்டுதான் வரும். திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டுப் பார்த்து, அப்போதும் முகம் தெளிவாகத் தெரியும்வரை கூட்டிய பிறகே ஸ்ரூடியோவுக்குக் கொடுங்கள். அங்கே தானாக நிறம் திருத்துகிற முறையை நிறுத்தி அடிக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இயந்திரம் இருண்ட பின்னணியைக் குறை என்று நினைத்து வெளுப்பாக்கிவிடும், இரவு சாம்பலாகி, வட்டங்கள் எல்லாம் வெளிறிப்போகும். முதலில் ஆறுக்கு நாலு அளவில் ஒன்று மட்டும் அடித்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் பெரிதாக அடியுங்கள்.